குற்றங் காணும் ஊசி
(கீழ்பென்னாத்தூர் பொதுக்கூட்டத்தில் பேசியது)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், "இந்த ஊரில், இந்த மேடையில் இதற்கென்ன வேலை?" என்று உங்களில் பலருக்குத் தோன்றக்கூடியதாகும். நாம் ஓர் ஊசியைப் பற்றிப் பேசப் போகின்றோம். துணி தைக்கிற ஊசியல்ல. வைத்தியர் போடுகிற ஊசியுமல்ல. இரும்பு, எஃகு, கண்ணாடி முதலிய பொருள்களில் கண்ணுக்கும் பூதக்கண்ணாடிக்கும் எட்டாமல் இருக்கின்ற மிகமிகச் சிறிய குறைகளைத் தடவிப் பார்த்துக் கண்டுபிடிக்கிற ஊசி. நாம் விஞ்ஞானப் பண்டிதரல்ல. படித்துத் தெரிந்துகொண்டதை நம்மைப் போன்றவர்களுக்குப் புரியும்படி சொல்லிப் பார்க்கிறோம், அவ்வளவுதான். நாம் சொல்லுகிறோம் என்பதற்காக எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். யோசித்துப் பார்த்துச் சரியென்று பட்டதை மாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு சொந்த சங்கதியைச் சொல்லிவிட்டு மேலே போகிறோம். நமக்குச் சிறு வயதாயிருந்தபோது நம் உறவினர் ஒருவருடைய மாட்டு வண்டி, மல்லாட்டை மூட்டை ஏற்றிக்கொண்டு செஞ்சி ரோட்டில் வந்துகொண்டிருந்தது. பாரம் அதிகமில்லை, ரோட்டில் பள்ளமுமில்லை. திடீரென்று இரும்பு இருசு முறிந்து வண்டி குடை சாய்ந்துவிட்டது. ஓட்டி வந்தவருக்குக் கால் எலும்பு முறிந்துபோயிற்று. உடனே வீட்டில் என்ன நடந்தது? புறப்பட்ட வேளை சரியில்லை என்றார் ஒருவர். எதிர்வீட்டு அம்மாள் எதிரே வந்தாள் என்றார் இன்னொருவர். அந்த அம்மாள் புருஷனை இழந்தவர். அவ்வளவுதான். பூசணிக்காய் உடைத்தார்கள், அந்த அம்மாளோடு பேச்சு வார்த்தையை நிறுத்தினார்கள்.

நாலு நாள் கழித்து முறிந்த இருசைக் கொல்லுப் பட்டறைக்குக் கொண்டுபோனபோது நாமும் கூடப் போயிருந்தோம். கொல்லர் முறிந்த முகத்தைத் துடைத்துவிட்டு, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, இங்கே பார்! இந்தப் பாதி கறுத்துத் துருவேறிக் கிடக்கிறது. இந்தப் பாதிதான் புதுசாய் மின்னுகிறது. இது அன்றைக்கு முறிந்ததல்ல. வெகுநாளாய் முறிந்துகொண்டே வந்து அன்றைக்கு முடிந்துபோயிற்று" என்றார். ஜோசியரும் வீட்டாரும் சொன்னதற்கெல்லாம் அந்த ஒரு வார்த்தை போதுமான பதிலாயிருந்தது. ஆனால் பட்டறையிலே கண்ட உண்மை வீட்டு வாசலுக்குள் நுழையவில்லை. காணாத விரிசலுக்காகக் கண்ட மனுஷி பழி சுமந்தாள். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இதற்குத் திரும்பி வருவோம்.

இது நம் நாட்டுப் பட்டிக்காட்டுப் புத்தி, மேல்நாட்டில் இப்படி இருக்காது என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவில் ஒஹையோ ஆற்றின்மேல் பாயிண்ட் பிளெசன்ட் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு தொங்கு பாலம் இருந்தது. 1928-ல் கட்டியது. வெள்ளி நிறப் பூச்சு பூசியிருந்ததால் சில்வர் பாலம் என்று பெயர். 1967 டிசம்பர் 15ந் தேதி மாலை, கிறிஸ்துமஸ் சாமான் வாங்கப் போகிறவர்களும் வேலை முடிந்து வருகிறவர்களும் நெருக்கியடித்துக்கொண்டு போகும் நேரத்தில், அந்தப் பாலம் அப்படியே ஆற்றில் விழுந்தது. 46 பேர் மாண்டார்கள். அதற்கு ஒரு வருஷத்திற்கு முன்னிருந்தே அந்தப் பக்கத்தில் இறக்கை முளைத்த ஒரு பூதத்தைக் கண்டதாகப் பேச்சு உலாவிற்று. பாலம் விழுந்ததும், அந்தப் பூதம் வந்ததனால் விழுந்தது என்றார்கள் சிலர். 1777-ல் கொல்லப்பட்ட ஒரு செவ்விந்தியத் தலைவருடைய சாபம் பலித்தது என்றார்கள் வேறு சிலர். பார்த்தீர்களா? எதிர்வீட்டு அம்மாள் அங்கேயும் இருக்கிறாள். அங்கே அவளுக்கு இறக்கை முளைத்திருக்கிறது!

ஆனால் அந்த நாட்டார் அதோடு நிற்கவில்லை. ஆற்றுக்குள் கிடந்த இரும்புத் துண்டுகளையெல்லாம் எடுத்துக் கரையில் போட்டு ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தார்கள். நம் கொல்லர் செய்த வேலையைத்தான் பெரிய அளவில் செய்தார்கள். பாலத்தைத் தாங்கிய சங்கிலியில் ஒரு காதுக்கம்பி. அதன் துவாரத்தின் உட்புறத்தில் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் ஆழமுள்ள ஒரு விரிசல். ஓர் அரிசியின் நீளத்தில் பாதிகூட இல்லை. நாற்பது வருஷ காலமாகத் துருவும் பாரமும் சேர்ந்து வளர்த்த விரிசல். மூட்டைப் பிரிக்காமல் அதைப் பார்க்க வழியில்லாத இடத்தில் அது இருந்தது. அது தெரிந்த பின் என்ன செய்தார்கள்? பூதத்திற்குப் படையல் போடவில்லை. நாடு முழுவதும் பாலங்களை இரண்டு வருஷத்திற்கு ஒரு தடவையாவது சோதித்தாக வேண்டும் என்று 1971-ல் விதி செய்தார்கள்.

நிற்க. அந்த இரண்டரை மில்லிமீட்டர் விரிசல் பிறக்கும்போது எவ்வளவு இருந்திருக்கும்? அங்கேதான் நம்முடைய ஊசி வேலைக்கு வருகிறது.

ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்கு போட்டால் அதில் ஒரு பங்குக்கு நானோமீட்டர் என்று பெயர். நம் தலைமயிரின் கனம் ஏறக்குறைய 80,000 நானோமீட்டர் இருக்கும். விரல் நகம் ஒரு விநாடிக்கு ஒரு நானோமீட்டருக்குச் சற்று அதிகமாக வளர்கிறது. நாம் இந்த வாக்கியத்தைச் சொல்லி முடிப்பதற்குள் உங்கள் நகமெல்லாம் சில நானோமீட்டர் வளர்ந்துவிட்டது. இரும்பிலும் சிலிக்கனிலும் ஓர் அணுவுக்கும் அடுத்த அணுவுக்கும் உள்ள தூரம் ஒரு நானோமீட்டரில் கால் பங்குதான். உலோகத்தைத் திரும்பத் திரும்ப வளைத்தால், உள்ளே அணு வரிசைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி, வழவழப்பாயிருந்த மேற்பரப்பில் நுண்ணிய படிக்கட்டுகள் எழும்புகின்றன. அங்கேயிருந்துதான் விரிசல் தொடங்குகிறது. ஈவிங், ஹம்ஃப்ரி என்ற இருவர் 1903-லேயே இரும்பில் இந்தக் கோடுகளைப் பூதக்கண்ணாடியால் பார்த்துச் சொன்னார்கள். ஆனால் அந்தப் படியின் உயரம் எவ்வளவு, எப்படி வளர்கிறது என்பது அவர்கள் கண்ணாடிக்கு எட்டவில்லை.

ஏன் எட்டவில்லை? கண்ணாடி மட்டமானது என்பதனாலல்ல. வெளிச்சமே அலை அலையாக வருகிற வஸ்து. அந்த அலையின் நீளத்தில் பாதிக்குக் கீழே உள்ளதை வெளிச்சத்தைக்கொண்டு பிரித்துப் பார்க்க முடியாது என்று ஜெர்மனியில் அப்பே என்பவர் 1873-ல் கணக்குப் போட்டுக் காட்டினார். ஏறக்குறைய 200 நானோமீட்டர்தான் எல்லை. மண்வெட்டியைக்கொண்டு கடுகு பொறுக்க முடியுமா? அதுபோலத்தான்.

வெளிச்சம் உதவாத இடத்தில் மனுஷன் என்ன செய்கிறான்? இருட்டில் நெருப்புப் பெட்டியைத் தேடுகிறவன் கையால் தடவுகிறான். கண் தெரியாத தோழர் புள்ளி எழுத்துப் புஸ்தகத்தை விரலால் படிக்கிறார். இந்தத் தடவுகிற புத்தியைத்தான் 1981-ல் ஸ்விட்சர்லாந்தில் ஜூரிச் நகரத்துக்குப் பக்கத்திலுள்ள ஐபிஎம் ஆராய்ச்சிச்சாலையில் கெர்ட் பின்னிக், ஹைன்ரிக் ரோரர் என்ற இருவரும் அவர்களுடைய கூட்டாளிகளும் அணுவுக்குக் கொண்டுபோனார்கள். மிகக் கூரான உலோக ஊசியைப் பொருளின் மேல் தொடாமல், ஒரு நானோமீட்டர் இடைவெளியளவுக்குக் கொண்டுபோய் நிறுத்திக் கொஞ்சம் மின்சாரம் கொடுத்தால், தொடாமலேயே இடைவெளியைத் தாண்டி மின்சாரம் கசிகிறது. இடைவெளி ஒரு நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அதிகமானால் கசிவு ஏறக்குறைய பத்தில் ஒன்றாகக் குறைந்துபோகிறது. ஆகவே கசிவு மாறாதபடி ஊசியை ஏற்றி இறக்கிக்கொண்டே வரிசை வரிசையாக நகர்த்தினால், ஊசி ஏறி இறங்கிய கணக்கே அந்தப் பரப்பின் மேடு பள்ளத்தின் படமாகிவிடுகிறது. இதற்காக அவ்விருவருக்கும் 1986-ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பரிசின் மறு பாதி, எலக்ட்ரான் பூதக்கண்ணாடி செய்த எர்ன்ஸ்ட் ரஸ்காவுக்குப் போயிற்று.

இதில் ஒரு குறை இருந்தது: மின்சாரம் பாயாத பொருளை இதனால் பார்க்க முடியாது. அதே 1986-ல் பின்னிக், கால்வின் குவேட், கிறிஸ்டோஃப் கெர்பர் என்ற மூவரும் அதற்கும் வழி கண்டார்கள். ஊசியை ஒரு மெல்லிய தகட்டின் நுனியில் வைத்துப் பொருளின் மேல் பட்டும் படாமலும் இழுத்தார்கள். மேடு வந்தால் தகடு மேலே வளையும். பள்ளம் வந்தால் கீழே வளையும். முதலில் செய்த கருவியில் தகடு தங்க ரேக்கு. ஊசி அதில் ஒட்டவைத்த ஒரு வைரச் சில்லு. பிற்பாடு சிலிக்கனில் செய்யத் தொடங்கினார்கள். முனையின் உருட்சி பத்து நானோமீட்டருக்குள் அடங்கும். அந்தத் தகடு வளைவதை எப்படி அளப்பது? பையன்கள் கண்ணாடித் துண்டை வெயிலில் பிடித்து எதிர்ச் சுவரில் வெளிச்சம் அடித்து விளையாடுவதைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடி இம்மி அசைந்தால் சுவரில் வெளிச்சம் ஒரு முழம் ஓடும். அதே மாதிரி தகட்டின் முதுகில் லேசர் ஒளியை அடித்து, அது திரும்பி விழுகிற இடத்தைப் பார்க்கிறார்கள். இதற்கு அணுவிசை நுண்ணோக்கி என்று பெயர்.

இதுவரை சொன்னது கருவியின் பெருமை. இனிமேல் சொல்லப்போவதுதான் நாம் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல வந்தது.

இந்த இரண்டாவது கருவி வந்த சில வருஷங்களில் பல ஆராய்ச்சிச்சாலைகளிலிருந்து அணுக்களின் படங்கள் வந்தன. நடவு போட்ட வயல் மாதிரி வரிசை வரிசையாக அணுக்கள். ஓரிடத்திலும் ஒரு சொத்தை இல்லை, ஒரு காலியிடம் இல்லை. பார்த்தவர்கள் கைதட்டினார்களா? தட்டினவர்களும் உண்டு. ஆனால் விஷயம் தெரிந்தவர்களுக்கு அந்தப் படங்களின் அழகைக் கண்டதுமே சந்தேகம் வந்துவிட்டது. ஏனென்றால் உலகத்தில் குறையில்லாத பொருள் கிடையாது. சூடு என்று ஒன்று இருக்கும்வரை எந்தப் படிகத்திலும் சில அணுக்கள் தங்கள் இடத்தைவிட்டுப் போய்த்தான் இருக்கும். உருகும் நிலைக்குப் பக்கத்திலுள்ள உலோகத்தில் சுமார் பத்தாயிரம் இடத்துக்கு ஓரிடம் காலி. அப்படியிருக்க, எத்தனை தடவை பார்த்தாலும் ஒரு காலியிடம்கூடக் காணாத படம் உண்மையில் எதைக் காட்டுகிறது?

இதைத் தெரிந்துகொள்ள ஒரு தகரக் கொட்டகைக்குப் போவோம். நெளிவுத் தகரம் ஒன்றின்மேல் இன்னொரு நெளிவுத் தகரத்தை வைத்துக் குறுக்கே இழுங்கள். மேல் தகரம் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, ஒழுங்காகப் போகும். கீழ்த் தகரத்தில் ஒரு நெளிவு நசுங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல் தகரத்துக்கு அது தெரியுமா? தெரியாது. மற்ற நெளிவுகள் அதைத் தாங்கிக்கொண்டு போய்விடும். ஒரே ஒரு விரலால் தடவினால்தான் நசுங்கல் தெரியும். அந்தப் படங்களில் நடந்ததும் இதுவே. ஊசி முனை ஓர் அணுவாக இல்லாமல், பல அணுக்கள் சேர்ந்த மழுங்கல் முனையாக இருந்தது. அது பல அணுக்களின்மேல் ஒரே சமயத்தில் ஏறி இறங்கி, வரிசையை மாத்திரம் காட்டிற்று, குறையை மறைத்துவிட்டது.

ஆகவே ஆராய்ச்சியாளர் ஒரு முடிவுக்கு வந்தார்கள். அணுவைத் தனித்தனியாகப் பார்த்தோம் என்று யாராவது சொன்னால், "எங்கே, ஒரு குறையைக் காட்டு!" என்று கேட்க வேண்டும், காட்டினால்தான் ஒப்புக்கொள்ள வேண்டும். இதை நன்றாகக் கவனியுங்கள். எல்லாம் ஒழுங்காயிருக்கிறது, மாசு மறுவில்லை என்பது உண்மைக்கு அடையாளமாக அல்ல, கருவி மழுங்கிப்போனதற்கு அடையாளமாகக் கொள்ளப்பட்டது. 1993-ல் ஓனெசோர்கேவும் பின்னிக்கும் கால்சைட் என்ற சுண்ணாம்புப் படிகத்தைத் தண்ணீருக்குள் வைத்து, அதன் படிக்கட்டு விளிம்பை அணு அணுவாகக் காட்டினார்கள். 1995-ல் கீசிபிள் என்பவர் சிலிக்கனின் பரப்பைக் காற்றில்லாத இடத்தில் வைத்து அணு அணுவாகக் காட்டினார். அதே வருஷம் ஜப்பானில் சுகவாரா முதலியோர் இண்டியம் பாஸ்பைடு என்ற பொருளில் அணுக் குறைகளைக் கண்டதோடு, அவை இடம் மாறுவதையும் கண்டார்கள். குறை தெரிந்த பிறகுதான் ஊசிக்கு யோக்கியதை வந்தது!

இதற்கு நேர்மாறான ஒரு தப்பும் நடந்திருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். முதல் மாதிரி ஊசியைக்கொண்டு, ஜீவராசிகளின் உடம்பிலுள்ள டி.என்.ஏ. என்ற முறுக்கு இழையைக் காணவேண்டுமென்று பலர் முயன்றார்கள். பென்சில் கரியாகிய கிராபைட்டின்மேல் அதை வைத்துப் பார்த்தார்கள். முறுக்குக் கயிறு மாதிரி அழகான படங்கள் வந்தன. கிளெம்மர், பீபி என்ற இருவர் 1991-ல் என்ன செய்தார்கள் தெரியுமா? டி.என்.ஏ. ஒன்றும் வைக்காத வெறும் கிராபைட்டைப் பார்த்தார்கள். அதிலும் அதே முறுக்குக் கயிறு தெரிந்தது! கிராபைட்டில் உள்ள விளிம்பும் கோணலுமாகிய குறைகளே முறுக்குக் கயிறு மாதிரி வேஷம் போட்டன. வேப்ப மரத்து முண்டில் முகம் தெரிகிறது என்று மஞ்சள் துணி சுற்றுகிறவர்களுக்கும் இவர்களுக்கும் உள்ள வித்தியாசம் என்ன? முகம் தெரிவது இருவருக்கும் பொதுதான். "ஒன்றும் வைக்காத இடத்திலும் இது தெரிகிறதா, பார்ப்போம்" என்று இவர்களில் இருவர் கேட்டார்கள். கேட்டதைப் பத்திரிகையில் போட்டார்கள். மற்றவர்கள் தங்கள் படத்தைத் தாங்களே சந்தேகித்தார்கள். வித்தியாசம் அவ்வளவே. ஆனால் அது எவ்வளவு பெரிய வித்தியாசம்!

தோழர்களே! இதெல்லாம் கடல் கடந்த சங்கதி என்று எண்ண வேண்டாம். நம் ஊருக்குக் கிழக்கே கடற்கரையில் கல்பாக்கம் இருக்கிறது. 1971-ல் அங்கே தொடங்கிய அணு உலை ஆராய்ச்சி நிலையத்துக்கு 1985-ல் இந்திரா காந்தி பெயர் வைத்தார்கள். அங்குள்ள அதிவேகச் சோதனை உலை 1985 அக்டோபரில் முதன்முதலாக இயங்கத் தொடங்கிற்று. அப்படிப்பட்ட உலைக்குள் நியூட்ரான் என்னும் துகள்கள் எஃகை ஓயாமல் மோதி, அணுக்களைத் தம் இடத்தைவிட்டுத் தள்ளுகின்றன. காலியிடங்கள் ஒன்றுகூடிப் பொக்கைகளாகி, எஃகு ஊறின பயறு மாதிரி உப்பிப்போகிறது. ஆகவே உலோகத்தின் உள்குறையை அறிவது அங்கே பொழுதுபோக்கல்ல. உயிர் காக்கும் காரியம்.

அங்குள்ள ஆராய்ச்சியாளர் கையாண்ட ஒரு முறையைக் கேளுங்கள். சந்தையில் பானை வாங்குகிற தாய்மார்கள் என்ன செய்கிறீர்கள்? விரல் முட்டியால் தட்டிப் பார்க்கிறீர்கள். 'ணங்'கென்றால் நல்ல பானை. 'லொட்'டென்றால் கீறல் விட்ட பானை. கண்ணுக்குத் தெரியாத கீறலைக் காது கண்டுபிடிக்கிறது. ஜெர்மனியில் 1994-ல் ராபே, ஆர்னால்ட் என்ற இருவர் இதே தட்டுகிற புத்தியை ஊசியோடு சேர்த்தார்கள். பொருளுக்குக் கீழிருந்து, காதுக்கு எட்டாத வேகத்தில் அதை அதிரச் செய்கிறார்கள். மேலே ஊசி தொட்டுக்கொண்டிருக்கிறது. ஊசியின் அடியிலுள்ள இடம் கெட்டியாயிருந்தால் ஊசித் தகடு ஒரு சுருதியில் ஆடும்; இளகலாயிருந்தால் வேறு சுருதியில் ஆடும். இடம் இடமாக நகர்த்தினால், எந்தத் துளி இடம் எவ்வளவு கெட்டி என்ற படம் வந்துவிடுகிறது. கல்பாக்கத்தார் இதைக்கொண்டு டைட்டானியம் கலப்பு உலோகங்களைச் சோதித்தார்கள். அலாய் 625 என்ற நிக்கல் கலப்பு உலோகம் வெகுகாலம் சூட்டில் வேலை செய்தால் அதற்குள் டெல்டா என்ற வேறு ஜாதித் துகள் உண்டாகும்; அந்தத் துகளின் கெட்டித்தன்மையையும் அளந்தார்கள்.

அதில் நாம் மெச்சுவது அளந்ததை மாத்திரமல்ல. தேய்ந்த படியால் அளந்தால் நெல் கணக்குத் தப்புமல்லவா? ஊசியும் உரச உரசத் தேயும். தேய்ந்தால் அளவு மாறும். ஊசி முனையின் நிலைமை கணக்கில் கலந்துவிடாதிருக்க ஒரு புதிய வழியையும் அவர்கள் 2014-ல் வெளியிட்டார்கள். அதாவது பொருளின் குற்றத்தைத் தேடுகிறவன் முதலில் தன் கருவியின் குற்றத்தைத் தேடினான். இதுவே அறிவுக்கு லட்சணம் என்பது நம்முடைய தாழ்மையான அபிப்பிராயம்.

இந்த ஊசிக்கு உள்ள எல்லையையும் சொல்லாவிட்டால் நாமும் பிரசங்கம் செய்கிற புராணிகராகிவிடுவோம். இது ஒரு தடவையில் பார்க்கிற இடம் தலைமயிரின் கனம் அளவுதான். மிஞ்சினால் அதைவிடக் கொஞ்சம் அதிகம். பெரும்பாலும் மேற்பரப்பைத்தான் காட்டும். மெதுவாகத்தான் வேலை செய்யும். இதைக் கொண்டுபோய் ஒரு பாலத்தையோ ரயில் தண்டவாளத்தையோ சோதிக்க முடியாது. அதற்கு ஒலியலைக் கருவி, காந்தப் பொடி, சாயம் முதலிய வேறு வழிகள் இருக்கின்றன. தண்டவாளத்தின்மேல் ஒலியலைக் கருவியைத் தள்ளிக்கொண்டு நடக்கிற தொழிலாளிகளை நீங்களே பார்த்திருக்கலாம். விரிசல் எப்படிப் பிறக்கிறது, எந்தப் படிக்கட்டு எவ்வளவு உயர்ந்தால் அபாயம் என்ற மூல காரணத்தை இந்த ஊசி சொல்லும். தாமிரத்திலும் துருப்பிடிக்காத எஃகிலும் அந்தப் படிகளின் உயரத்தை இதைக்கொண்டு அளந்திருக்கிறார்கள். உங்கள் சட்டைப் பையிலுள்ள கைப்பேசியின் சில்லு செய்கிற தொழிற்சாலைகளிலும் பரப்பு சமமாயிருக்கிறதா என்று பார்ப்பது இந்த ஊசியின் வேலைகளில் ஒன்று.

இன்னொன்று. குறை என்றாலே கேடு என்றும் நினைக்கக் கூடாது. இரும்பைக் காய்ச்சி அடித்தால் ஏன் வளைகிறது? அணு வரிசைகளில் பிசகு இருப்பதனால்தான் என்று 1934-ல் டெய்லர், ஓரோவன், பொலானி என்ற மூவர் தனித்தனியாகக் கண்டு சொன்னார்கள். பிசகு இல்லாவிட்டால் கொல்லர் சம்மட்டிக்கு இரும்பு இவ்வளவு எளிதில் வளைந்து கொடுக்காது. எந்தக் குறை உதவும், எந்தக் குறை கொல்லும் என்று பிரித்தறிவதற்கும் முதலில் குறையைப் பார்க்கச் சம்மதிக்க வேண்டுமே!

இப்போது சில சீட்டுகள் வந்திருக்கின்றன. பதில் சொல்லிவிடுகிறோம்.

"அணுவையும் கண்ணால் பார்த்ததில்லை; சாபத்தையும் திருஷ்டியையும் கண்ணால் பார்த்ததில்லை. ஒன்றை நம்பி மற்றதை ஏன் தள்ளுகிறீர்கள்?" என்று ஒரு தோழர் கேட்கிறார். நல்ல கேள்வி. சிலிக்கன் பரப்பை ஜெர்மானியன் பார்த்தாலும், ஜப்பான்காரன் பார்த்தாலும், நாளை உங்கள் மகள் பார்த்தாலும் ஒரே வரிசைதான் தெரியும். பார்க்கிறவருக்கு ஜாதி, மதம், நாள், நட்சத்திரம் தேவையில்லை. அது மாத்திரமல்லாமல், தப்பாகப் பார்த்தால் தப்பு என்று நிரூபிக்க வழி இருக்கிறது. கிராபைட்டு சங்கதியைச் சொன்னோமே! திருஷ்டி என்பது தப்பு என்று நிரூபிக்க அதை நம்புகிறவர் ஒரு வழி சொல்லட்டும். நாமே செலவு செய்து சோதிக்கத் தயாராயிருக்கிறோம்.

"நானோ வித்தையெல்லாம் நம் முன்னோருக்குத் தெரியும் என்கிறார்களே, உண்மையா?" என்று ஒரு சீட்டு. இதில் பாதி உண்மை உண்டு. நமக்கு அடுத்த பழைய தென்னார்க்காடு ஜில்லாவில் மேல்சிறுவளூரிலும், கொங்கு நாட்டில் கொடுமணலிலும் மண் மூசையில் எஃகு உருக்கிய தடங்கள் கிடைத்திருக்கின்றன. ஊட்ஸ் என்று உலகம் புகழ்ந்த தென்னாட்டு எஃகு அந்த ஜாதியைச் சேர்ந்தது. அத்தகைய எஃகில் செய்த டமாஸ்கஸ் வாள் ஒன்றை ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்து ஆராய்ச்சியாளர் எலக்ட்ரான் நுண்ணோக்கியால் பார்த்து, அதில் நானோ அளவுள்ள கரிக் குழாய்கள் இருப்பதாக 2006-ல் வெளியிட்டார்கள். வெயிலிலும் அனலிலும் நின்று அந்த எஃகைச் செய்த தொழிலாளிகளின் கைத்திறமைக்கு நாம் தலை வணங்குகிறோம். ஆனால் உள்ளே என்ன இருந்தது என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவர்களிடம் கருவி இல்லை. காரணம் தெரியாத வித்தை, செய்கிறவர் கையோடு போய்விடும். செய்தவர்களுக்கு மரியாதை செய்வதானால், அவர்கள் பேரால் பொய் சொல்லுவதை விட்டு, அவர்கள் பேரப் பிள்ளைகளை ஆராய்ச்சிச்சாலைக்கு அனுப்புங்கள்.

"குறை சொல்லுகிறவன் குடும்பம் கெடுப்பான் என்று பெரியவர்கள் சொல்லுகிறார்களே?" என்று கடைசிச் சீட்டு. தோழரே! விதைக்கு மல்லாட்டை பொறுக்குகிற தாய், பூஞ்சாணம் பிடித்ததைத் தள்ளுகிறாளே, அவள் குடும்பத்தைக் கெடுக்கிறாளா? "எல்லாம் நல்ல கொட்டை" என்று அப்படியே அள்ளிப் போடுகிறவள்தான் வயலைக் கெடுக்கிறாள். பானையைத் தட்டாமல் வாங்குவது பானைக்கு மரியாதை ஆகாது.

ஆகவே தோழர்களே! ஊசி நமக்கு எதற்கு என்று ஆரம்பத்தில் எழுந்த கேள்விக்கு நாம் சொல்லும் பதில் இதுதான். அந்தக் கருவியை நாம் வாங்கப் போவதில்லை. அதனைச் செய்தவர்கள் கற்றுக்கொண்ட புத்தியை வாங்கிக்கொள்ள ஒரு காசும் செலவில்லை. குறையே தெரியவில்லை என்று ஒருவன் சொன்னால், பொருள் சுத்தம் என்று எண்ணுவதற்கு முன் அவன் ஊசி மழுங்கலா என்று பாருங்கள். அதிசயம் தெரிகிறது என்று சொன்னால், ஒன்றும் வைக்காத இடத்திலும் அது தெரிகிறதா என்று கேளுங்கள். மற்றவரைச் சோதிப்பதற்கு முன் உங்கள் முனை தேய்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இது நமக்கும் சேர்த்துத்தான்.

அந்த எதிர்வீட்டு அம்மாள் இப்போது இல்லை. கொல்லர் சொன்னதை வீட்டில் சொல்லியிருக்க வேண்டியவர்களில் நாமும் ஒருவர். சிறு பிள்ளை பேச்சு எடுபடாது என்று சும்மா இருந்துவிட்டோம். அதன் பிறகு எத்தனையோ வருஷம், நம் வீட்டார் வெளியே புறப்படுவது தெரிந்தால் அந்த அம்மாள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே நிற்பார். அவர் வெளியே வந்ததனால் முறிந்த இருசு உலகத்தில் ஒன்றுகூடக் கிடையாது. இன்று இரவு நீங்கள் வீட்டுக்குப் போகும்போது, உங்கள் தெருவில் அப்படிச் சாத்தின கதவு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், இருசு முறிந்த காரணத்தை அங்கே போய்ச் சொல்லுங்கள். அதுவே நாம் இன்று பேசியதற்குப் போதுமான கூலியாகும்.

இத்துடன் நம் பேச்சை முடித்துக்கொள்ளுகிறோம்.